பக்கத்து அறையில் இரண்டு குழல்காரர்கள்

பாரிசில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் நான் முதலில் இருந்த அறை ஆறாம் மாடியில். லிஃப்ட் இல்லை. முன்னொரு காலத்தில் பணக்கார வீடுகளின் வேலைக்காரப் பெண்கள் படுப்பதற்கென்று கூரைக்குக் கீழே கட்டிய அறைகளில் ஒன்று. அதில் நானும் மன்னாரைச் சேர்ந்த ஒருவரும் இருந்தோம். அவர் பகலில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்தார். நான் மாலையில் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றுக்குப் பாத்திரம் கழுவப் போனேன். இருந்தது ஒரே கட்டில். காலையில் அவர் கடைக்கு இறங்கியதும் கட்டில் எனக்கு. மதியம் வரைக்கும் கிடைத்த அந்த நித்திரைதான் எனக்கு அப்போது இருந்த ஒரே சொத்து.

ஊரில் நான் கணித ஆசிரியன். வன்னியில், யுத்தம் முடிந்த கடற்கரைவரைக்கும் போய், அங்கிருந்து முகாமுக்கு வந்து, முகாமிலிருந்து எப்படியோ வெளியேறி, 2010 முடிகிற நேரத்தில் பாரிசில் வந்து விழுந்தவன். மனைவி வவுனியாவில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும்.

வந்த முதல் குளிர்காலத்தில்தான் அந்தக் குழல் என் நித்திரைக்குள் புகுந்தது. காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து அறையில் தொடங்கும். பாட்டு என்று சொல்ல முடியாது. ஒரு சின்னத் துண்டு. ஏறும், சுற்றும், இறங்கும், இறங்குகிற இடத்தில் சறுக்கும். நிற்கும். மறுபடி முதலிலிருந்து. சறுக்குகிற இடம் வருமே வருமே என்று காத்துக்கொண்டு படுத்திருப்பது பல்வலியைவிடக் கொடுமை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து, உள்ளங்கையால் சுவரில் பட பட என்று அடித்தேன். குழல் நின்றது. அப்பாடா என்று படுத்தேன். ஆனால் சற்று நேரத்தில் முன்னைவிட உற்சாகமாக, முன்னைவிட நீளமாக வேறொன்று தொடங்கியது. அடுத்த நாளும் அடித்தேன். அதற்கடுத்த நாளும்.

திங்கட்கிழமை நகைக்கடை பூட்டு. மன்னார்க்காரர் அறையில் இருந்தார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், மெலிந்து உயர்ந்த ஒரு வெள்ளைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஆப்பிள் பணியாரத் தட்டோடு நிற்கிறார். தலையைச் சாய்த்துச் சாய்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். மன்னார்க்காரர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய கழுத்து புடைத்திருந்தது.

"மாஸ்டர், இவர் என்ன சொல்லுறார் தெரியுமே? நீங்கள் ஒவ்வொரு நாளும் சுவரிலை கைதட்டி உற்சாகப்படுத்துறீங்களாம். அதுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாராம்."

"நான் நிப்பாட்டச் சொல்லியெல்லோ அடிச்சனான்?"

"அப்ப அதைச் சொல்லட்டோ?"

பணியாரத்தைப் பார்த்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருடைய முகத்தையும் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் தொய்ந்து, சிரிக்கும்போது வலது பக்கம் மட்டும் மேலே போகிற முகம்.

"வேண்டாம். நல்லா வாசிக்கிறார் எண்டு சொல்லும்" என்றேன்.

அன்றிலிருந்து நாங்கள் அயலவர்கள் ஆனோம். மதியம் நான் எழும்பிய பிறகு, அவர் கதவைத் தட்டிக் காப்பி குடிக்கக் கூப்பிடுவார். அவருடைய அறையும் எங்களுடையதைப் போல ஒடுங்கியதுதான். புத்தகம், இசைத்தாள், ஒரு கட்டில். மேசையில் இரண்டு குழல்கள். ஒன்று வெள்ளிபோல மின்னும் புதுவகைக் குழல், உடம்பெல்லாம் மூடியும் வளையமும். மற்றது கருஞ்சிவப்பு மரத்தில், ஒரு சில மூடிகள் மட்டும் உள்ள பழைய வகை. சுவரில் ஒருவருடைய படம். சுருட்டை மயிர், உயர்ந்த கழுத்துப்பட்டி, கொஞ்சம் குறும்பான கண். நான் படத்தைக் காட்டி, "உங்கள் அப்பாவோ?" என்று சைகையால் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தப் படத்தில் இருந்தவர் இருநூறு வருடங்களுக்கு முன் இதே பாரிசில் குழல் ஊதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் அவருக்கு இணை யாருமில்லை என்றார்களாம். நாங்கள் அறையில் பேசும்போது அவரைக் குழல்காரர் என்றே சொன்னோம். என் அயலவரை மெசியே, அதாவது ஐயா, என்றேன். இன்றைக்கும் அப்படித்தான்.

மெசியே ஒரு பெரிய வாத்தியக் குழுவில் இருந்தவர். ஒரு நாள் காலையில் எழும்பும்போது முகத்தின் இடது பாதி எழும்பவில்லை. முகவாதம். பெரும்பாலும் சுகப்பட்டுவிட்டது. ஆனால் உதட்டின் அந்த மூலை சொல்வழி கேட்காது. களைத்தால் காற்று ஒழுகும். குழலுக்கு உதடுதான் எல்லாம். வேலை போயிற்று, வீடு போயிற்று, இந்த அறைக்கு வந்தார். இரண்டொரு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் குழல்காரருடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு உரை தயாரித்தார். எங்கள் பகுதி நூலகத்தில் வசந்த காலத்தில் அதைப் பேசி, இடையிடையே வாசித்தும் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நான் சுவரில் அடித்தது அந்த வாசிப்புக்குத்தான்.

ஒத்திகை பார்க்க அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மொழி தெரியாதவன்தான் நல்ல ஆள் என்று அவர் முடிவு செய்தார். மன்னார்க்காரர் மூலம் இப்படிச் சொன்னார்: "உங்களுக்கு விளங்கினால் எல்லோருக்கும் விளங்கும்."

இப்படியாக நான் பிரெஞ்சு படித்தது ஒரு செத்துப்போன குழல்காரரின் வாழ்க்கையைக் கேட்டுத்தான். திங்கட்கிழமைகளில் மன்னார்க்காரர் மொழிபெயர்ப்பார். மற்ற நாட்களில் படமும் கையும் கண்ணும். கேட்கக் கேட்க மெல்லமெல்லச் சொற்கள் ஒட்டின.

குழல்காரர் பிறந்தது அரசரின் தலை போன புரட்சிக்குச் சற்று முன்னால். தகப்பனும் வாத்தியக்காரர், பஸ்ஸூன் என்ற பெரிய மரக்குழலை ஊதியவர். மகனைச் சின்ன வயதிலேயே இசைக்கல்லூரியில் சேர்த்தார்கள். சில வருடத்தில் அங்கே அவனை மிஞ்ச ஆளில்லை. முதற்பரிசு அவனுக்குத்தான் என்பது நடுவர்களுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு சின்னவனுக்கு முதலாவதைக் கொடுக்கக்கூடாது என்று இரண்டாவதைக் கொடுத்தார்களாம். அடுத்த முறை கொடுக்காமல் இருக்க முடியவில்லை. வாலிப வயதிலேயே பெரிய நாடக அரங்கில் முதல் குழல்காரர் ஆனார்.

மனிதருக்கு எதிலும் கவனம் இல்லை. படம் வரைவார், வேட்டைக்குப் போவார், கச்சேரி நாளில் குழலை எங்கே வைத்தோம் என்று தேடுவார். கிடைக்காவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கி வாசிப்பார். ஒரு முறை மேடையில் ஏறிய பிறகு பார்த்தால் குழல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டைப் பையிலிருந்து நூலும் மெழுகும் எடுத்து, அவசரப்படாமல் சுற்றி ஒட்டி, பிறகு எடுத்து ஊதினாராம். அன்று வாசித்ததைப் போல அவர் என்றைக்கும் வாசித்ததில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்களாம்.

ஒரு இசை நாடகத்தில் இராக்குயில் ஒன்று பாடகியோடு போட்டிக்குப் பாட வேண்டும். பறவையின் குரலுக்கு இவருடைய குழல். அந்தக் காலத்தில் இவருக்கு ஒரு போட்டியாளர் இருந்தார், வேகத்தில் மின்னல். பாரிஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. இராக்குயிலைக் கேட்ட பிறகு ஒரு கட்சிதான் மிஞ்சியது.

ஆனால் புரட்சிக்குப் பின் வந்த பேரரசர் விழுந்து பழைய அரச குடும்பம் திரும்பி வந்தபோது குழல்காரர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. புதிய அரசைக் கேலி செய்தார். அது போகவேண்டிய காதுகளுக்குப் போயிற்று. அரசரின் தேவாலயக் குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கல்லூரியில் அவருக்கே வரவேண்டிய ஆசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. அரங்கத்தையும் விட்டு வெளியேறினார்.

இதைக் கேட்டதும் மன்னார்க்காரர் சொன்னார்: "வாயாலை கெட்ட மனுசன்."

மெசியே அது என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னோம். "இது என் உரையில் வரும்" என்று உடனே எழுதிக்கொண்டார்.

எனக்குக் கேள்விகள் இருந்தன. வகுப்பில் இருந்து வந்த பழக்கம். பதவி இல்லாத அந்த வருடங்களில் அவர் எதைச் சாப்பிட்டார்? கலியாணம் செய்தாரோ? தாய் உயிரோடு இருந்தாளா? இரண்டாம் பரிசு வாங்கிய அன்று வீட்டுக்கு நடந்து வந்தாரா? மெசியே முதலில் திகைத்தார். அவருடைய உரை முழுவதும் பதவிகளும் மேடைகளுமாக இருந்தது. சிலதற்குப் பதில் தேடிக் கொண்டுவந்தார். சிலதற்குக் கையை விரித்து, "யாருக்கும் தெரியாது" என்றார். "ஆனால் தெரியாது என்பதையும் சொல்லலாம், இல்லையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என்னுடைய பிரெஞ்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மொழியில் புத்தகத்தில் மட்டும் எழுதுகிற ஒரு இறந்தகாலம் இருக்கிறது. தெருவில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. மெசியே தன் உரையை எழுதியிருந்தது அந்த நடையில். எனக்கு அது எப்படித் தெரியும்? பேக்கரியில் போய், நேற்றும் வந்தேன், ஒரு ரொட்டி வாங்கினேன் என்று சொன்னேன். "யான் நேற்றும் ஈண்டு வந்தனன், ரொட்டியொன்று கொண்டனன்" என்று ஒருவன் நல்லூர்க் கடையில் நின்று சொன்னால் எப்படியிருக்கும்! பேக்கரிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொரு நாளும் எனக்காக நல்லாய் முறுகிய ரொட்டியாகப் பார்த்து எடுத்துத் தந்தாள்.

மாசி மாதத்தில் என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. அகதி அலுவலகத்தின் நேர்முகத்தில் நான் எதையும் சொல்லவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை, தெரியாது. அவ்வளவுதான். முகாமில் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தவர்கள், என் பழைய மாணவர்களில் யார் யார் இயக்கத்துக்குப் போனவர்கள் என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். வரிசையில் நிற்கிற முகங்களைப் பார்த்து நான் தெரியாது, தெரியாது என்றேன். அங்கே ஒரு சொல் கூடச் சொன்னால் ஒரு பிள்ளை போய்விடும். அப்படி இறுகிப்போன நாக்கு, பாரிசில் ஒரு மேசைக்கு முன்னால் திடீரென்று இளகவில்லை. என் கூற்று மிகச் சுருக்கம், அதில் வாழ்ந்த ஒருவருடைய விவரம் எதுவும் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

அந்தக் கிழமை நான் மெசியேயின் அறைக்குப் போகவில்லை. அவர் தட்டினார். திறக்கவில்லை. மறுநாளும் தட்டினார். திறந்து, விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது. வாசலிலேயே நின்று யோசித்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போய் இருத்தினார்.

"நீங்கள் குழல்காரரைப் பற்றி என்னைக் கேட்டதையெல்லாம் இப்போது நான் உங்களைக் கேட்கப்போகிறேன்" என்றார். "உங்கள் அப்பா என்ன செய்தார்?"

"கமக்காரர். வயல் செய்தவர்."

"அவருடைய கை எப்படி இருக்கும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் என் கையை விரித்து, உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். மண்வெட்டி பிடித்துப் பிடித்து அப்பாவுக்கு அந்த இடத்தில் தோல் கட்டியாகி இருந்தது. அன்று மதியம் முழுவதும் பேசினேன். குழல்காரருடைய வாழ்க்கையிலிருந்து பொறுக்கிய சொற்களை வைத்துத்தான் பேசினேன். பிறந்தார், சேர்த்தார்கள், மறுத்தார்கள், வெளியேறினார், காத்திருந்தார். ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடிய பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சொற்கள் போதுமாக இருந்தன. போதாத இடத்தில் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். கடைசி மாதங்களில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். கரும்பலகை இல்லாமல் ஈரமணலில் எழுதியதையும், ஷெல் சத்தம் கேட்டால் எழுதியதன் மேலேயே குப்புறப் படுத்ததையும் சொன்னேன். என் தம்பியைப் பற்றி அன்று சொல்லவில்லை. அது பிறகு வந்தது.

அப்பீலுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரெஞ்சில் எழுதித் தர ஒருவர் வேண்டும். எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பாண்டிச்சேரி அம்மா ஒருவர் இருந்தார். தபால் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசைக்குப் போகும்போது படியில் கண்டால் தலையசைப்பார். அதற்குமேல் பழக்கம் இல்லை. மெசியேதான் என்னைக் கூட்டிப்போய் அவருடைய கதவைத் தட்டினார்.

"வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார் அம்மா. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதப் பாருங்க சார், நான் ஒங்க கதைய அழகா ஜோடிச்சுத் தருவேன்னு நெனைக்காதீங்க. நீங்க சொல்லணும். நான் அதை அப்படியே பிரான்சேல எழுதறேன். ஒங்க அவொக்கா, அதான் வக்கீலு, கேஸு தோசியேல சேத்துப்பாரு. சரிங்களா?"

"ஓம் அம்மா."

"ஓம்னா?"

"சரி எண்டு சொன்னனான்."

"அப்ப மொதல்லேர்ந்து சொல்லுங்க. என்னா மாசம்? வெயிலா, மழையா?"

அவரும் விடவில்லை. மதியங்களில் அவருடைய சாப்பாட்டு மேசையில் இருந்து சொன்னேன். அங்கேதான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் எடுக்கப் போனவன். கையில் கொண்டுபோன நீலப் பிளாஸ்டிக் கானை மட்டும் கொண்டுவந்து தந்தார்கள். அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். குழாய் நீண்ட நேரம் ஓடியது. திரும்பி வரும்போது மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்து, "மொதல்ல சாப்டுங்க" என்றார். நான் பாரிசில் அழுதது அந்தத் தட்டுக்கு முன்னால்தான்.

இதற்கிடையில் மெசியேயின் உரை நாள் வந்தது. சனிக்கிழமை பிற்பகல். அவர் இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "யார் வருவார்கள்? நாலு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்களாக இருப்பார்கள்" என்றார். நான் மன்னார்க்காரரிடம் சொன்னேன். அவர் நகைக்கடைகளில் சொன்னார். நான் உணவகத்தில் சொன்னேன். என்ன, ஏது என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டருடைய ஆள் மேடை ஏறுகிறார், அவ்வளவுதான். நூலகத்துச் சின்ன மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் பிரெஞ்சுக்காரர் கொஞ்சப்பேர். பின்னால் முழுவதும் எங்களுடைய சனம். யாரோ ஒரு அக்கா ஒரு பெட்டி நிறைய மரக்கறி றோல்ஸ் கொண்டுவந்திருந்தார். பாண்டிச்சேரி அம்மா காஞ்சிபுரம் சேலையில் வந்து நடுவில் இருந்தார்.

மெசியே நன்றாகத் தொடங்கினார். பிறப்பு, தகப்பன், இரண்டாம் பரிசு. "வாயாலை கெட்ட மனுசன்" என்பதைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். பின்வரிசை வெடித்துச் சிரித்தது. பிறகு மரக்குழலை எடுத்து இராக்குயில் பகுதியைத் தொடங்கினார். ஏறியது, சுற்றியது.  இறங்குகிற இடம் சறுக்காமல் போனது. அதற்கு அடுத்த வரியில் உதடு விட்டுவிட்டது. சத்தம் இல்லை, வெறும் காற்று. மறுபடி முயன்றார். காற்று. முகம் வெளிறிவிட்டது. குழலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். 

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. எழுந்து முன்னால் போனேன். குனிந்து அவருடைய காதில், "எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இளைப்பாறினால் வரும். வராமலும் போகலாம்."

"இளைப்பாறுங்கள். நான் பேசுகிறேன்."

சபையைப் பார்த்து முதலில் பிரெஞ்சில், என்னுடைய அந்தப் புத்தக நடையில், மெசியேயின் உதடு களைத்துவிட்டது, அது திரும்பி வரும்வரை குழல்காரருடைய கதையைத் தமிழர்களுக்குத் தமிழில் சொல்லப்போகிறேன் என்றேன். முன்வரிசையில் ஒரு கிழவர் கைதட்டினார். பிறகு தமிழில் தொடங்கினேன். ஊரை விட்டு வந்த பிறகு ஒரு வகுப்புக்கு முன்னால் நான் நின்றது அன்றுதான். முதல் வசனத்தில் தடுமாறினேன், இரண்டாவதில் பழைய வகுப்புக் குரல் திரும்பியது. நூலும் மெழுகும் கதையைச் சொன்னபோது நகைக்கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பதவி மறுக்கப்பட்ட வருடங்களைச் சொன்னேன். அவரை விட்டு அரங்கத்தால் இருக்க முடியாமல் திரும்பக் கூப்பிட்டதையும், முன்னொரு காலம் மறுத்த அதே கல்லூரி அவரை ஆசிரியராக எடுத்ததையும், வருடாவருடம் பரீட்சைக்கென்று அவர் புதிது புதிதாக இசை எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன்.

பிறகு புதுக் குழல் வந்த கதை. வளையமும் மூடியும் பூட்டிய ஒரு புதுவகைக் குழலை ஒரு ஜெர்மன்காரர் செய்துகொண்டு வந்தார். எல்லாச் சுரமும் ஒரே பலத்தோடு கேட்கும். குழல்காரர் வேண்டாம் என்றுவிட்டார். தான் இருக்கும்வரை கல்லூரிக்குள் அது நுழையவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனதும் நுழைந்தது.

றோல்ஸ் கொண்டுவந்த அக்கா கையை உயர்த்தினார். "அந்தாள் ஏன் வேண்டாமெண்டவர்? பொறாமையோ?"

நான் மெசியேயிடம் பிரெஞ்சில் கேட்டேன். அவர் உதட்டைத் தடவிக்கொண்டே சிரித்தார். எழுந்து மரக்குழலில் ஒரு சுரம் ஊதினார். பிறகு அடுத்தது. ஒன்று பிரகாசமாக இருந்தது, மற்றது மூடுபனிக்குள் இருந்து வருவதுபோல. வெள்ளிக்குழலில் அதே இரண்டையும் ஊதினார். இரண்டும் ஒரே பிரகாசம். "அவருக்கு அந்தப் பனி வேண்டியிருந்தது" என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

தன்னால் மறுபடி ஊத முடிகிறது என்பதை அப்போதுதான் மெசியே கவனித்தார். இராக்குயிலுக்குத் திரும்பிப் போகவில்லை. குழல்காரர் எழுதிய மெதுவான பகுதி ஒன்றை, கண்ணை மூடிக்கொண்டு, முழுவதுமாக வாசித்தார். எனக்கு இசை தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். பின்வரிசையில் வேலை முடிந்து நேரே வந்த ஆட்கள், பிள்ளைகள், ஒரு வயதானவர், யாரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்பது பிரெஞ்சு மரியாதை என்று மன்னார்க்காரர் முன்னமே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாராம்.

அன்று றோல்ஸ் சாப்பிடும்போதுதான் நான் மெசியேயிடம் சுவரில் ஏன் அடித்தேன் என்று சொன்னேன். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு, "அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் எந்தக் காரணத்துக்காகவும் என் பக்கம் தட்டியதில்லை. அதனால் எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன்" என்றார். இன்னொரு றோல் எடுத்தார்.

அப்பீல் விசாரணை இலையுதிர் காலத்தில் வந்தது. மெசியேயும் பாண்டிச்சேரி அம்மாவும் பின்னால் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் இருந்தார், தமிழில்தான் பேசினேன். நீதிபதி அம்மையார் "முகாமில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?" என்றார். முன்னைய நேர்முகத்தில் இதே கேள்விக்கு ஒரு வரி சொன்னவன். இந்த முறை வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகத்தைச் சொன்னேன். ஒருத்தி என் வகுப்பில் எப்போதும் சன்னலோரம் இருந்தவள். அன்று என்னைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தெரியாது என்றேன். அவள் கடந்து போனாள். இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். நீதிபதி வேறு கேள்வி அதிகம் கேட்கவில்லை.

வெளியே வந்து மூவரும் ஒரு காப்பிக் கடையில் இருந்தோம்.  அம்மா கைப்பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. என்னை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். படியில் ஓடி இரண்டாம் மாடிக்கு முதலில் போனேன், பிறகு மேலே. மெசியே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, குழலை எடுத்து, அறை வாசலில் நின்று என்னவோ வேகமாக ஊதினார். காற்று ஒழுகியது. அவர் பொருட்படுத்தவில்லை. எதிர் அறைக் கதவு திறந்து, "நித்திரை கொள்ள விடுங்கள்" என்று யாரோ கத்தினார்கள்.

மனைவி வந்து சேர மேலும் இரண்டு வருடம் போனது. நாங்கள் புறநகரில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். நான் இப்போது ஒரு சங்கத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற நாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மெசியே ஆறாம் மாடியில்தான் இருக்கிறார். அந்த உரையைப் பிறகு வேறு நூலகங்களிலும் கேட்டார்கள். பேசப் போகிறார், குறைவாக வாசிக்கிறார். ஆவணியில் ரூ பஜோல் தெருவில் இருக்கும் எங்கள் கோயிலின் தேருக்கு எங்களோடு வந்து, நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நடப்பார்.

மனைவி வந்த அடுத்த கோடையில் நாங்கள் இருவரும் மெசியேயும் ரயிலில் மேற்கே போனோம். ஆறு கடலில் சேருமிடத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு நகரம். குழல்காரர் ஓய்வு பெற்றபின் அங்கேதான் போய் இருந்து, அங்கேயே காலமானார். அவருடைய கல்லறையைப் பார்ப்பது மெசியேயின் நெடுநாள் ஆசை. சட்டைப் பையில் என் வதிவிட அட்டை இருந்தது. ரயிலில் சீருடைக்காரர் வந்தபோது மனைவி என் கையைப் பிடித்தாள். அவர் பயணச்சீட்டை மட்டும் பார்த்துவிட்டு, நல்ல பயணம் என்று சொல்லிப் போனார்.

மயானம் பெரிது. வெயில். தேடித் தேடிக் களைத்துவிட்டோம். காவலாளியைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு மரத்தடி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதத்தைப் பிரித்தோம்.

"ஆரைத் தேடி வந்தனீங்கள்? சொந்தமோ?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் அவளுக்கு இன்னும் முழுவதையும் சொல்லவில்லை. பிறந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். மெசியேக்குத் தமிழ் விளங்காது. ஆனால் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. நூலும் மெழுகும் வந்தபோது விரலால் சுற்றிக் காட்டினார். அவள் சிரித்தாள். சிரித்து முடித்து, அவருடைய தட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னும் இரண்டு கரண்டி சாதம் போட்டாள். அவர் சாப்பிட்டார். நாங்களும் சாப்பிட்டோம்.